ஆஸ்துமா உள்ள அப்பாவுடன் பான்ஃப் பயணம்: காட்டுத்தீப் புகை வந்தால்?

வாசகர் கேள்வி: கனடாவில் மார்க்கம் நகரில் வசிக்கிறோம். ஜூன் நடுவில் திருச்சியிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். ஜூலை கடைசி வாரம் எல்லோருமாக ராக்கி மலைக்குப் போகத் திட்டம். கால்கரி வரை விமானம், அங்கிருந்து வாடகைக் கார், பான்ஃபில் மூன்று இரவு, ஜாஸ்பரில் இரண்டு இரவு. அப்பாவுக்கு 67 வயது. பல வருடங்களாக ஆஸ்துமா, ரத்தக் கொதிப்பும் உண்டு. மூச்சு வாங்கும்போது மட்டும் இன்ஹேலர் எடுப்பார். மகனுக்கு 4 வயது. முன்பு ஒரு கோடையில் போய்வந்த நண்பர்கள், எதிரே இருக்கும் மலையே தெரியாத அளவு புகை என்கிறார்கள். பயணத்தை ரத்து செய்துவிடலாமா? அல்லது என்95 மாஸ்க் வாங்கிக்கொண்டு போனால் போதுமா?

பதில்:

ரத்து செய்ய வேண்டியதில்லை. ஆனால் இந்தத் திட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பெட்டியில் நாலு மாஸ்க் மட்டும் சேர்த்துக்கொண்டு கிளம்புவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். நீங்கள் மாஸ்க் பற்றிக் கேட்கிறீர்கள். நுரையீரல் மருத்துவராக எனக்கு அதைவிடப் பெரிய கவலை, அப்பா இரவில் படுக்கப்போகும் அறை. அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். முதலில் தேதி.

ஜூலை கடைசி வாரத்தை ஜூன் கடைசி வாரமாக மாற்ற முடியுமா என்று பாருங்கள். ராக்கி மலையின் கிழக்குப் பக்கத்தில் ஜூன்தான் அதிகம் மழை பெய்யும் மாதம். காடு ஈரமாக இருக்கும், தீ பரவுவதும் குறைவு. ஜூலை பாதிக்கு மேல் காடு காய்ந்து, ஆகஸ்டில் புகை உச்சத்துக்குப் போவதுதான் பெரும்பாலான வருடங்களில் நடக்கிறது. ஜூனுக்கு உத்தரவாதம் இருக்கிறதா என்றால், கிடையாது. 2023இல் மே மாதத் தொடக்கத்திலேயே, பான்ஃப் இருக்கும் ஆல்பர்ட்டாவில் தீ பெரிதாகி மாகாண அளவில் அவசரநிலை அறிவித்தார்கள். 2017இல் செப்டம்பரில் வாட்டர்டன் தேசியப் பூங்கா எரிந்தது. ஆனாலும் ஆஸ்துமாக்காரர் ஒருவருக்காக மாதத்தைத் தேர்வு செய்யச் சொன்னால் நான் ஜூனைத்தான் சொல்வேன். ஏரிகளில் பனிக்கட்டி உருகியிருக்கும், பான்ஃப் பூங்காவில் உள்ள மொரெய்ன் ஏரிக்குப் போகும் பாதையும் திறந்திருக்கும். உயரமான நடைபாதைகளில் கொஞ்சம் பனி மிச்சம் இருக்கலாம். நாலு வயதுக் குழந்தையோடும் அப்பாவோடும் நீங்கள் அவ்வளவு உயரம் ஏறப்போவதில்லை. ஜூன் நடுவில் வந்து இறங்குபவருக்கு உங்கள் வீட்டில் பத்து நாள் ஓய்வும் கிடைக்கும். மகனுக்குப் பள்ளி இரண்டு நாள் போனால் போகட்டும்.

தேதி மாறினாலும் மாறாவிட்டாலும் இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை ஒன்று திருச்சியில் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, "மூச்சு வாங்கும்போது மட்டும் இன்ஹேலர் எடுப்பார்" என்பதுதான். புகையைவிட இது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவர் எப்போதும் கொஞ்சம் வீங்கியே இருக்கும். மூச்சு வாங்கும்போது அடிக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலர், இறுகிப்போன தசையைத் தளர்த்தும். வீக்கத்தை அது தொடாது. வீக்கத்தைக் குறைப்பது தினமும் எடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர். அது முழுமையாக வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். அந்த வீக்கம் அடங்காமல் புகைக்குள் போனால், சாதாரணமாகச் சமாளிக்கக்கூடிய புகைகூட அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடும்.

"இன்ஹேலர் பழகிவிடும், ஸ்டீராய்டு உடம்பைக் கெடுத்துவிடும்" என்று பல அப்பாக்கள் அதைத் தள்ளி வைப்பதை தினமும் பார்க்கிறேன். இன்ஹேலரில் உள்ள மருந்து மைக்ரோகிராம் அளவில் நேராக நுரையீரலுக்குப் போகிறது. மாத்திரையாக விழுங்கும் ஸ்டீராய்டோடு இதைச் சேர்த்துப் பேசக்கூடாது. எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண்ணும் பெரும்பாலும் வராது. அப்பாவை நேரில் பார்க்காமல் நான் மருந்தின் பெயரோ அளவோ எழுத மாட்டேன். அவருடைய மருத்துவரிடம் போய், "கனடாவில் காட்டுத்தீப் புகை இருக்கும் இடத்துக்குப் போகிறேன், தினசரி மருந்து வேண்டுமா?" என்று நேராகக் கேட்கச் சொல்லுங்கள். மூச்சு அதிகமானால் எந்த இன்ஹேலர், எத்தனை முறை, எப்போது ஆஸ்பத்திரி என்பதை ஒரே தாளில் ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொள்ளட்டும். இன்ஹேலரை அவர் எப்படி எடுக்கிறார் என்பதையும் மருத்துவர் கண்ணால் பார்க்க வேண்டும். வருடக்கணக்காகத் தவறாக எடுப்பவர்கள் நிறைய. கேப்சூல் போட்டு இழுக்கும் வகையாக இருந்தால், அதே கேப்சூல் கனடா மருந்துக் கடையில் கிடைக்கும் என்று நம்பி வர வேண்டாம். தங்கும் காலம் முழுவதற்கும் போதுமான மருந்து, மருந்துச் சீட்டோடு கைப்பையில் வரட்டும். பம்ப் வகை இன்ஹேலர் என்றால் ஸ்பேசரும் (இன்ஹேலரில் மாட்டி மருந்தை நிதானமாக உள்ளிழுக்க உதவும் குழாய்) கூடவே வேண்டும்.

இதில் காப்பீடு ஒன்று குறுக்கே வரும். வருகையாளர் மருத்துவக் காப்பீட்டில், ஏற்கெனவே உள்ள நோய் குறிப்பிட்ட காலம் மாற்றமில்லாமல் இருந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைப்பார்கள். பல பாலிசிகளில் அது 90 அல்லது 180 நாள். புது மருந்து தொடங்குவதும், அளவைக் கூட்டுவதும் மாற்றமாகவே கணக்காகும். அதனால் மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். சீக்கிரம் தொடங்குங்கள், பாலிசி எடுக்கும்போது மறைக்காமல் சொல்லுங்கள், அந்த நிபந்தனை வரியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பயண ரத்துக் காப்பீடு வேறு. தீ பற்றிய செய்தி வந்தபின் எடுத்தால் அந்தத் தீக்குப் பணம் கிடைப்பது கடினம். வெறும் புகைக்காக நீங்களே ரத்து செய்தாலும் பெரும்பாலும் கிடைக்காது. ஆகவே கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய அறைகளாகவே பதிவு செய்யுங்கள், கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை.

சரி, இப்போது அறை.

காட்டுத்தீப் புகையில் நமக்கு எதிரி 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கும் தொண்டையும் அவற்றைத் தடுக்க முடியாமல் நுரையீரலின் அடிவரை போகின்றன. உடம்புக்குள் எவ்வளவு போகிறது என்பது புகையின் அடர்த்தியை மட்டும் பொறுத்ததில்லை, எத்தனை மணி நேரம் மூச்சு விடுகிறோம் என்பதையும் பொறுத்தது. அப்பா ஏரிக்கரையில் இரண்டு மணி நேரம் நிற்பார். அறையில் பத்து மணி நேரம் இருப்பார், அதுவும் மாஸ்க் இல்லாமல். எல்லோரும் அந்த இரண்டு மணி நேரத்துக்குத் திட்டம் போடுகிறார்கள். அந்தப் பத்து மணி நேரத்தை யாரும் யோசிப்பதில்லை.

பான்ஃப் சுமார் 1,380 மீட்டர் உயரத்தில், நாலு பக்கமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது. இரவில் குளிர்ந்த காற்று கீழே இறங்கித் தங்கும், வெப்பமான காற்று மேலே மூடிபோலப் படியும். பக்கத்தில் தீ எரிந்தால் அந்தப் புகை விடியற்காலை வரை ஊருக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். வெயில் ஏறி, காற்று கலங்கிய பிறகுதான் கலையும். ஆஸ்துமா இயல்பாகவே தொந்தரவு தரும் நேரமும் இரவு இரண்டு மணி முதல் விடியல் வரைதான். இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்துகொள்கின்றன.

இதோடு இன்னொரு சிக்கல்: பான்ஃபிலும் லேக் லூயிஸிலும் பழைய விடுதிகள் பலவற்றில் ஏசி கிடையாது. மலைக்காற்று போதும் என்று கட்டியவை, ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் தூங்க வேண்டும். புகை நாளில் திறந்தால் புகை, மூடினால் புழுக்கம். ரத்தக் கொதிப்பு உள்ள பெரியவருக்கு இரண்டுமே நல்லதில்லை. அதனால் பதிவு செய்யும் முன் விடுதிக்குத் தொலைபேசியில் பேசி, எங்கள் அறையிலேயே ஏசி உண்டா, அது அறைக்காற்றையே சுழற்றுமா அல்லது வெளிக்காற்றை இழுக்குமா, அதை நிறுத்த வழி உண்டா, நுண்துகளைப் பிடிக்கும் ஹெபா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் தருவார்களா என்று கேளுங்கள். மலை தெரியும் ஜன்னலைவிட இந்தப் பதில்கள் முக்கியம். பான்ஃபில் திருப்தியான பதில் கிடைக்காவிட்டால் பக்கத்து ஊரான கான்மோரில் தேடுங்கள், அல்லது கால்கரியிலேயே தங்கிவிடுங்கள். கால்கரியிலிருந்து பான்ஃப் சுமார் 130 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். காற்று நன்றாக உள்ள நாளில் காலையில் போய் மாலையில் திரும்பலாம். புகை கால்கரிக்கும் வரும், ஆனால் அங்கே ஏசி உள்ள அறை சுலபமாகக் கிடைக்கும், பெரிய ஆஸ்பத்திரிகளும் பக்கத்தில்.

விடுதி சுத்திகரிப்பான் தராவிட்டால் நீங்களே ஒன்று வாங்கிவிடுங்கள். பெட்டியின் மேல் புகைக்கான சி.ஏ.டி.ஆர். (CADR) என்று, எவ்வளவு வேகமாகச் சுத்தக் காற்று தரும் என்பதைக் காட்டும் ஓர் எண் இருக்கும். காட்டுத்தீப் புகைக்கு, அறை எத்தனை சதுர அடியோ அந்த எண்ணும் அவ்வளவு இருக்க வேண்டும். 300 சதுர அடி அறைக்கு 300. ஓசோன் வெளியிடும் வகையை வாங்காதீர்கள், அது ஆஸ்துமாவைக் கிளப்பும். அறைக்குப் போனதும் ஜன்னலைச் சாத்தி, அதிக வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, அப்புறம் சத்தம் குறைந்த வேகத்தில் இரவு முழுவதும் வையுங்கள். செலவு வீண் என்று நினைக்க வேண்டாம். 2023 ஜூனில் கியூபெக் தீயின் புகை டொராண்டோ வரை வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மார்க்கம் வீட்டிலும் அப்பாவின் அறையில் அது வேலை செய்யும்.

அம்மாவுக்கும் ஒரு வார்த்தை. சமையலறை உள்ள அறை எடுத்து, குக்கரும் தாளிப்புச் சாமானும் கொண்டுபோகும் பழக்கம் நம்மிடம் உண்டு. புகை நாளில் தாளிப்பும் வறுவலும் வேண்டாம், ஊதுபத்தியும் வேண்டாம். மூடிய அறைக்குள் அவை போடும் துகளும் அதே நுரையீரலுக்குத்தான் போகிறது. தாளித்துவிட்டு அடுப்பு மேல் இருக்கும் எக்ஸாஸ்ட் விசிறியைப் போட்டால், அது உள்காற்றை வெளியே தள்ள, அந்த இடத்தை நிரப்ப ஜன்னல் இடுக்கு வழியாகப் புகை உள்ளே வரும். குளியலறை விசிறிக்கும் இதுவே. சோறு, தயிர், ஊறுகாய், வேகவைத்த காய் என்று அந்த ஓரிரு நாள் போகட்டும்.

இப்போது நீங்கள் கேட்ட மாஸ்க். என்95 நல்லதுதான், முகத்தோடு ஒட்டினால். இரண்டு பட்டைகளும் தலைக்குப் பின்னால் போக வேண்டும், மூக்குக் கம்பியை அழுத்த வேண்டும், தாடி இருந்தால் எடுத்துவிட வேண்டும். துணி மாஸ்க்கும், ஈரத்துண்டும், சர்ஜிக்கல் மாஸ்க்கும் இந்தத் துகளைப் போதுமான அளவு நிறுத்தாது. என்95 வழியாக மூச்சு இழுக்கக் கொஞ்சம் கூடுதல் சக்தி வேண்டும். அப்பா அதைப் போட்டுக்கொண்டு மேடு ஏறக்கூடாது. காரிலிருந்து விடுதிக்கு, கடைக்கு என்று சிறு தூரங்களுக்குப் போட்டுக்கொள்ளட்டும். உங்கள் மகனுக்கு என்95 பொருந்தாது. உடல் எடைக்கு ஒப்பிட்டால் அவன் நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறான், ஓடினால் இன்னும் அதிகம். புகை நாளில் அவனுக்குச் சரியான பாதுகாப்பு, வெளியே ஓடவிடாமல் இருப்பதுதான்.

எந்த நாள் போகலாம், எந்த நாள் கூடாது என்பதை எண்ணை வைத்து முடிவு செய்யுங்கள். கனடாவில் பயன்படும் காற்றுத் தர உடல்நலக் குறியீடு 1 முதல் 10 வரை, அதற்கு மேல் 10+ என்று போகும். இந்தியாவில் 150, 300 என்று பார்த்துப் பழகிய அப்பாவுக்கு 7 என்பது ஒன்றுமே இல்லாததுபோலத் தெரியும். ஆனால் 7 என்றாலே அபாயம் அதிகம் என்று பொருள். அப்பாவுக்கும் மகனுக்கும் நான் வைக்கும் எல்லை: 3 வரை தாராளமாகப் போகலாம். 4 முதல் 6 என்றால் காரில் போய் இறங்கிப் பார்த்து வரலாம், மேடு ஏறுவதும் நீண்ட நடையும் வேண்டாம். 7 அல்லது அதற்கு மேல் என்றால் அறைதான். இந்த எண் மூன்று மணி நேரச் சராசரி. காற்று திடீரெனத் திரும்பினால் எண் பின்தங்கும். கண்ணுக்கு முன்னால் மலை மங்கி, மரம் எரிந்த வாசனை வந்துவிட்டால் எண்ணுக்குக் காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள்.

ஃபயர்ஸ்மோக் கனடா தளத்தில் புகை எங்கே நகரும் என்று சுமார் இரண்டு நாள் வரை வரைபடம் காட்டுவார்கள். அதற்கு மேல் நம்பிப் பயனில்லை. மொரெய்ன் ஏரிக்குச் சொந்தக் காரில் போக முடியாது. தேசியப் பூங்காக்களை நிர்வகிக்கும் பார்க்ஸ் கனடாவின் பேருந்தில் ஒரு பகுதி இருக்கைகளை இரண்டு நாள் முன்பு காலை 8 மணிக்குத் திறப்பார்கள். முதலில் புகை வரைபடத்தைப் பார்த்துவிட்டு அப்போது பதிவு செய்யுங்கள். ஏரி முதல் நாளிலேயே பார்க்க வேண்டும் என்று கட்டாயம் வைக்காதீர்கள். சல்ஃபர் மலை கேபிள் காரில் மேலே போனால் புகைக்கு மேலே போய்விடலாம் என்று சிலர் சொல்வார்கள். அதன் உச்சி சுமார் 2,280 மீட்டர். பெரிய தீயின் புகை அதைவிட உயரத்தில் பரவி நிற்கும், மேலே ஆக்சிஜனும் குறைவு. புகை நாளில் அப்பாவுக்கு அது வேண்டாம். கால்கரிக்கு வடகிழக்கே டிரம்ஹெல்லரில் ராயல் டைரல் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு நாள் முழுக்க உள்ளேயே டைனோசர் பார்க்கலாம், உங்கள் மகன் மலையைக்கூட மறந்துவிடுவான்.

ஜாஸ்பரை இந்தப் பயணத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்பது என் கருத்து. லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் போகும் பனிவயல் சாலை சுமார் 230 கிலோமீட்டர். உலகின் அழகான சாலைகளில் ஒன்று, சந்தேகமில்லை. ஆனால் பெரும்பகுதியில் கைபேசிச் சிக்னல் கிடையாது, நடுவில் ஆஸ்பத்திரி கிடையாது. அங்கே அப்பாவுக்கு மூச்சு அடைத்தால் நீங்கள் யாரையும் கூப்பிட முடியாது. 2024 ஜூலை 22 இரவு ஜாஸ்பரிலிருந்தும் பூங்காவிலிருந்தும் சுமார் 25,000 பேரை வெளியேற்றினார்கள். இரண்டே நாளில் தீ ஊருக்குள் புகுந்து, கட்டடங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அழித்தது. நள்ளிரவில், புகைக்குள், ஊர்ந்து போகும் கார் வரிசையில் ஆஸ்துமாக்காரரோடு பல மணி நேரம் இருப்பதை யோசித்துப் பாருங்கள். அந்த ஊர் மீண்டு எழுந்துகொண்டிருக்கிறது, விருந்தினர் வருகை அவர்களுக்குத் தேவை. நீங்களும் மனைவியும் இன்னொரு முறை அவசியம் போய் வாருங்கள்.

பான்ஃபிலும் ஆல்பர்ட்டா அவசர எச்சரிக்கைச் செயலி உங்கள் கைபேசியில் இருக்கட்டும். காரில் பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்க வேண்டாம். கடவுச்சீட்டு, காப்பீட்டுத் தாள், எல்லா மருந்தும் ஒரே பையில் கதவருகே இருக்கட்டும். புகைக்குள் ஓட்டும்போது கண்ணாடிகளை ஏற்றி, ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் வையுங்கள். நீண்ட தூரம் என்றால், புகை குறைந்த இடத்தில் கொஞ்சம் வெளிக்காற்றை விட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஓட்டுபவருக்குத் தூக்கம் வரும். இன்ஹேலரை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கடைசியாக, எந்தக் கருவியும் காட்டாத ஒரு விஷயம். "மூச்சு வாங்குதாப்பா?" என்று கேட்டால் அப்பா உண்மையைச் சொல்ல மாட்டார். "எனக்கு ஒண்ணும் இல்லப்பா, நீங்க போய்ப் பாருங்க" என்பார். பிள்ளை இவ்வளவு செலவு செய்து அழைத்து வந்திருக்கிறான், தன்னால் பயணம் கெடக்கூடாது என்று நினைப்பார். அதனால் கேட்காதீர்கள், கவனியுங்கள். ஒரு முழு வாக்கியத்தை நடுவில் மூச்சு விடாமல் பேசுகிறாரா? இரவில் எழுந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாரா? இதை அம்மாவிடம் கேளுங்கள், அவர் மறைக்க மாட்டார். சால்பியூட்டமால் இன்ஹேலரில் இன்னும் எத்தனை முறை மிச்சம் என்று காட்டும் எண் இருந்தால் தினமும் காலையில் அதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு குறைந்திருந்தால் அன்றைக்கே மலையிலிருந்து இறங்கிவிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் ஒன்று வாங்கி, மார்க்கமில் அவருடைய வழக்கமான அளவு என்ன என்று பார்த்து வையுங்கள். பான்ஃப் உயரத்தில் ஓரிரண்டு புள்ளி குறைவது இயல்பு. ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது தொடர்ந்து 92க்குக் கீழே இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பான்ஃபிலும் கான்மோரிலும் ஆஸ்பத்திரி உண்டு. அவசரம் இல்லாத சந்தேகத்துக்கு, ஆல்பர்ட்டாவுக்குள்ளிருந்து 811ஐ அழைத்தால் எந்த நேரமும் செவிலியர் பேசுவார்.

பேசவே முடியாமல் திணறினால், உதடு நீலம் பாரித்தால், சால்பியூட்டமால் எடுத்தும் அடங்காவிட்டால், அல்லது அடங்கி நாலு மணி நேரத்துக்குள் திரும்ப வந்தால் 911. ஆம்புலன்ஸ் வரும்வரை அவரை நிமிர்ந்து உட்கார வைத்து, மருத்துவர் எழுதித் தந்த தாளின்படி ஸ்பேசரில் இன்ஹேலரைத் தொடர்ந்து கொடுங்கள். நெஞ்சு இறுக்கம், இடது கை வலி, வியர்வை என்றால் "புகைதான்" என்று விட்டுவிடாதீர்கள். இந்தத் துகள்கள் இதயத்தையும் பாதிக்கும், அவருக்கு ரத்தக் கொதிப்பும் இருக்கிறது. அதற்கும் 911தான்.

கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, லேசான தலைவலி, இரண்டு நாள் வறட்டு இருமல் எல்லாம் எல்லோருக்கும் வரும், சுத்தமான காற்றில் அடங்கிவிடும். மஞ்சள் பாலும் சுக்குக் காப்பியும் தொண்டைக்கு இதம், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் உள்ளே போன துகளை அவை வெளியே எடுக்காது. அன்றைய தினசரி இன்ஹேலருக்குப் பதிலாக அவற்றைக் கொடுக்க வேண்டாம். ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகியும் இருமல் குறையாவிட்டாலோ, காய்ச்சலோடு நிறம் மாறிய சளி வந்தாலோ மார்க்கமிலேயே ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். திருச்சிக்குத் திரும்பும்வரை காத்திருக்க வேண்டாம்.